ஐந்தாம் கூண்டு

விக்கலை நிறுத்த வேண்டுமென்றால் ஆளைத் திடுக்கிட வைக்க வேண்டும். இது ஊர் உலகத்துக்கே தெரிந்த வைத்தியம், செம்மல் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அதற்காக ஒரு வெள்ளை எலியைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை குத்தி, உழவர்கரையிலிருந்து வீராம்பட்டினம் வரை வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவரலாம் என்பது முழுக்க முழுக்க அவனுடைய மூளையில் உதித்தது. வழியில் இரண்டு சிக்னலில் நின்றபோது டப்பாவைத் தட்டி, "இன்னம் கொஞ்ச தூரந்தான்டா" என்று எலிக்கு ஆறுதலும் சொல்லியிருந்தான்.

அவன் கூட்டாளி காத்தவராயன் வாசல் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக விக்கல். ஃபைபர் போட்டில் இன்ஜின் பிடித்து நின்றானென்றால் அலை அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழும்பும் என்று குப்பத்தில் பேர் எடுத்தவன். அப்பேர்ப்பட்ட ஆள் அரை நிமிடத்துக்கு ஒருதரம் கோழிக்குஞ்சு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தான். தெருவே வைத்தியம் பார்த்து ஓய்ந்திருந்தது. குனிந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஒரு கிழவி வந்து நாக்கடியில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போனாள், அவனுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை வியாதி என்பது தெரிந்தே.

"யார்றா அது, என்ன இப்டி விடாம நெனைக்கிறது?" என்றான் செம்மலைப் பார்த்ததும்.

"வஞ்சிரமா இருக்கும் மச்சான். ரெண்டு நாளா ஆள காணமேன்னு கடல்ல அழுவுது."

காத்தவராயன் சிரித்தான். சிரிப்பின் நடுவே விக்கினான். முகம் லேசாக ஊதியிருந்ததைச் செம்மல் கவனித்தான். தூக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்பக்கம் போய், டப்பாவைத் திறந்து, எலியை அவன் மடியில் விட்டான்.

கூச்சல் போட்டபடி எழுந்த காத்தவராயனின் கால் நாற்காலியில் சிக்கியது. பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லில் தலை மோத விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. கை கால் விறைத்து, கண் மேலே சொருகி, வாயோரம் நுரை தள்ளியது. விக்கல் நின்றுவிட்டிருந்தது. நின்றுவிட்டதே என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், செம்மல் சந்தோஷப்பட்டான். அந்தக் கணத்தை அவன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

யாரோ விழுந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த காத்தவராயன் மனைவி அஞ்சலாட்சி, செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்து புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். "என்ன அண்ணே ஆச்சி?" என்று செம்மலைத்தான் கேட்டாள். "எலி" என்றான் அவன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டோ வந்தது. எலி எந்தப் பக்கம் ஓடியது என்று கடைசிவரை தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்காயத்துக்கு மூன்று தையல் போட்டார்கள். அது பெரிய விஷயமில்லை என்றார்கள். பெரிய விஷயம் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளில் வந்தது. சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன; அதனால்தான் விக்கல், அதனால்தான் வலிப்பு. எலி மடியில் விழாவிட்டாலும் அன்று மாலைக்குள் விழுந்திருப்பான் என்று சிறுநீரகப் பிரிவின் இளம் டாக்டர் சுவேதா சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகச் செம்மல் அவள் காலில் விழத் தயாராக இருந்தான். அடுத்த கேள்வியில் அந்த எண்ணம் போய்விட்டது.

"நாட்டு மருந்து ஏதாச்சும் எடுத்தாரா? கஷாயம், லேகியம், பச்சிலை மாதிரி?"

அஞ்சலாட்சி செம்மலைப் பார்த்தாள். குற்றம் சாட்டிப் பார்க்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஆள் பதில் சொல்லட்டும் என்று பார்த்தாள். அவன்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவன்.

"ஜூஸ் குடிச்சாரு மேடம். காரம்போல் காய் ஜூஸு. சுகருக்கு."

"காரம்போலா? ஸ்டார் ஃப்ரூட்டா?" சுவேதாவின் பேனா நின்றது. "எவ்ளோ?"

"ஒரு நாளைக்கு முக்கா லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

"முக்கா லிட்டரா! வெறும் வயித்திலயா? யார் குடிக்கச் சொன்னது?"

வாழ்நாளில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லத் தடுமாறாதவன் என்று பெயர் வாங்கிய செம்மல், "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றான். சுவேதா அதை எழுதிக்கொண்டாள்.

அந்தத் தெரிந்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உழவர்கரையில், டைல்ஸ் கிடங்கு ஒன்றின் பின்னால், பச்சிலைகளிலிருந்து மருந்து தேடும் ஒரு சிறிய தனியார் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே எலி வீட்டுக்குச் செம்மல்தான் எல்லாம். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர் பாட்டில் மாட்டுவது, எலியின் பிடரியைப் பிடித்துத் தூக்கி வளைந்த ஊசியால் வாய்வழியே மருந்து இறக்குவது. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு எலிதான் அவனைக் கடித்திருக்கிறது, அதுவும் திங்கட்கிழமை. அப்பா மில்லில் நூல் ஓட்டினார். மில்லை மூடிய பிறகு மகன் எலி ஓட்டுகிறான் என்று தானே சொல்லிக்கொள்வான். மனைவி அமிர்தவல்லிக்கு இந்த வேலை பற்றி ஒரே கருத்துதான்: "எலிக்குக் கஞ்சி ஊத்துறவரு, தெருவுல போனா ஏதோ டாக்டர் மாதிரி நடக்கிறாரு."

அவள் சொன்னது உண்மைதான். தெருவில் யாருக்காவது மூட்டு வலி என்றால் செம்மலிடம் வருவார்கள். "எங்க லேப்ல அதுக்கு ஒரு எலய பாத்துகினு இருக்கோம்" என்பான். பார்த்துக்கொண்டிருப்பவர் ஆராய்ச்சியை நடத்தும் தீபலட்சுமி மேடம். இவன் பார்ப்பது எலியின் மலத்தை. ஆனாலும் அந்த 'கோம்' இல்லாமல் அவனுக்கு வாக்கியம் முடியாது.

போன வருடம் காரம்போல் ஆராய்ச்சி நடந்தது. சைகோனிலிருந்து திரும்பி வந்த ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், தன் தோட்டத்தில் வைத்த மரம். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் அது மட்டும் நிற்காமல் காய்த்துக்கொண்டிருந்தது. ஐந்து விளிம்பு வைத்த பச்சைக் காய், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம், நாக்கில் வைத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு. அதைப் பிழிந்து, ஊசி போட்டுச் சர்க்கரை வரவழைத்த எலிகளுக்கு இருபத்தெட்டு நாள் கொடுத்தார்கள். கூண்டுக்கு ஆறு எலியாக ஐந்து கூண்டு. ஐந்தாம் கூண்டுக்குத்தான் அதிக அளவு, எலி ஒன்றுக்கு இரண்டு மில்லி. முடிவில் ஐந்தாம் கூண்டில்தான் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. மேடம் ஹைதராபாத்துக்குப் போய் அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கேக் வெட்டினார்கள். செம்மலுக்கு ரோஜாப்பூ வைத்த துண்டு கிடைத்தது.

காத்தவராயனோ சர்க்கரை மாத்திரை என்றால் வாயை இறுக மூடிக்கொள்கிறவன். செம்மலும் அவனும் அரியாங்குப்பம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்ததைப் பார்த்துத்தான் செம்மல் பயந்தான். சொல்தா வீட்டில் கேட்டு ஒரு பை நிறையக் காய் பறித்து வந்தான். அளவு தெரியாமல் ஒன்றைக் கொடுக்கக் கூடாது என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் படித்த பாடம். அதனால் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தான். எலி இருநூறு கிராம், காத்தவராயன் எழுபது கிலோ. முந்நூற்றைம்பது எலி சேர்ந்தால் ஒரு காத்தவராயன். எலிக்கு இரண்டு மில்லி என்றால் காத்தவராயனுக்கு எழுநூறு. மனிதனுக்கு அப்படிக் கணக்குப் போடுவதில்லை, எலியின் உடம்பு ஓடுகிற வேகம் வேறு என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை, அவனும் கேட்டதில்லை. கணக்கு மீதமில்லாமல் வந்ததில் அவனுக்குப் பெருமைதான். எழுநூறு மில்லிக்குக் கோடு போட்ட ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குவளை ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"இதுல கோடு வரைக்கும் ஊத்தி, காலையில வெறும் வயித்துல குடி. ஒரு சொட்டு கூடக் கூடாது, கொறையக் கூடாது."

காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டு, சொன்னபடி சுத்தமாகக் குடித்தான். ஐந்தாம் நாள் விக்கல் வந்தது.

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சுவேதா கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள்: கறுப்புப் பின்னணியில் நீலமும் மஞ்சளுமாக மினுங்கும் துகள்கள். அழகாக இருந்தது, அதுதான் செம்மலுக்குத் தாங்கவில்லை. காயில் உள்ள ஆக்சலேட் என்கிற உப்பு உள்ளே போய்ப் படிகமாக அடைத்துக்கொண்டது என்றாள். மூன்று மாதம் டயாலிசிஸ் பண்ணிப் பார்ப்போம், பாதிப் பேருக்குத் திரும்பிவிடும் என்றாள். செம்மல் தினமும் பாதிப் பேரில் காத்தவராயனைச் சேர்த்துக் கும்பிட்டான். மூன்று மாதம் போனது. நான்காம் மாதம் இடது கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்து, ஊசி ஏற்ற நிரந்தரமாக ஒரு வழி செய்தார்கள். ஆளுக்கு இனி ஆயுசு முழுக்க மிஷின்தான் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை, கையில் எழுதிவிட்டார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி. செம்மல் தன் வண்டியில் போய்க் கூட்டிக்கொண்டு வந்து, நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டான். ஆராய்ச்சிக்கூடத்தில் காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டான். வழியெல்லாம் காத்தவராயன் ஜோக் அடித்துக்கொண்டே வருவான். "கையில இன்ஜின் வெச்சிட்டாங்கடா. தொட்டுப் பாரு, ஓடுது. டீசலே ஊத்த வாணாம்." இன்னொரு நாள் வார்டு நர்ஸிடம், "இவன்தாம்மா என் டாக்டரு. முந்நூத்தம்பது எலிக்கு நான் ஒருத்தன் சமம்னு கண்டுபுடிச்சவரு" என்றான். நர்ஸ் சிரித்தாள். காத்தவராயன் சிரித்தான். செம்மலும் சிரித்தான், இருப்பதிலேயே சத்தமாக அவன்தான் சிரித்தான். வீட்டுக்குப் போய் அமிர்தவல்லி வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தான்.

அஞ்சலாட்சி ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவனுக்கு இட்லி வைத்து மீன் குழம்பு ஊற்றினாள். ஒரு நாள் அவனே ஆரம்பித்தான்.

"தங்கச்சி, நான் அந்த ஜூஸக் குடுக்கலன்னா இவன் இன்னிக்கி கடல்ல இருப்பான்ல?"

"இன்னா அண்ணே இது. நீங்க நல்லதுக்குத்தான குடுத்தீங்க. அம்மன் வுட்ட வழி. குழம்பு போதுமா?"

போதும் என்றான். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

சுவேதா இந்த நோயாளியைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினாள். பேர் போடாமல்தான், காத்தவராயன் சம்மதக் கையெழுத்துப் போட்டான், செம்மல் சாட்சிக் கையெழுத்து. அது அச்சாகி வந்ததும் செம்மலிடம் ஒரு பிரதி கொடுத்தாள். "நீங்கதான் எல்லா டீடெய்லும் கரெக்டா சொன்னீங்க. தேங்க்ஸ்." வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். ஐம்பத்தோரு வயது மீனவர். தெரிந்தவர் ஒருவரின் ஆலோசனைப்படி. முதல் பக்கத்திலேயே இருந்தான். பேர் பத்திரிகையில் வர வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டதுண்டு; பேரில்லாமல் வந்திருந்தான்.

மூன்றாம் பக்கத்தில் தீபலட்சுமி மேடத்தின் பெயரைப் பார்த்தான். எலி ஆராய்ச்சிகளில் இந்தச் சாற்றால் தீங்கு தெரியவில்லை, அதிக அளவிலும் உயிரிழப்பு இல்லை என்று எழுதி, ஆதாரமாக அவர்களுடைய ஐந்து கூண்டைக் காட்டியிருந்தாள் சுவேதா. உயிரிழப்பு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை அவனுக்குத் தெரியும். எலி வீட்டுப் பதிவேட்டில் தினமும் அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதுகிற கை அவனுடையது.

விரலை வைத்து அந்த வரியை மறுபடி படித்தான்.

போன வருடம் அந்த ஆராய்ச்சி நடந்தபோது, ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினத்தில் தேர். வருடாவருடம் காத்தவராயன் வீட்டில்தான் சாப்பாடு. வெள்ளியன்று போனவன் சனியும் அங்கேயே தங்கிவிட்டான். எலி வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் ஐந்தாம் கூண்டில் இரண்டு எலி செத்துக் கிடந்தன. தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. நான்காம் கூண்டிலும் பாட்டில் காலிதான், அங்கே ஒன்றும் சாகவில்லை. அதை அப்போது அவன் யோசிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் நான்தான் கொன்றுவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. சாவு ஒன்றுக்கு மூன்று படிவம், விலங்கு நலக் கமிட்டிக்குக் கடிதம், மேடத்தின் முகம். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தான். சர்க்கரை வரவழைத்த எலிகளில் உபரியாக நாலைந்து எப்போதும் இருக்கும். அதிலிருந்து இரண்டை எடுத்து, செத்தவற்றுக்கு இருந்த மாதிரியே ஒன்றுக்குத் தலையிலும் ஒன்றுக்கு வாலடியிலும் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, ஐந்தாம் கூண்டில் விட்டான். பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினான். பிறகு கை கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

அந்த எலிகள் சாவதற்கு நாலு நாள் முன்பிருந்தே தீனி எடுக்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்திருந்தன. அதையும் பார்த்திருந்தான். சர்க்கரை ஏன் அவ்வளவு இறங்கியது? சாப்பிடாத எலிக்கு எப்படி ஏறும்? தன் தப்பை மறைப்பதாக நினைத்துக் காயின் தப்பை மறைத்திருக்கிறான். மறைத்தது போதாதென்று, தானே கெடுத்த ஆராய்ச்சியைத் தானே நம்பி, தாள் பேனாவோடு உட்கார்ந்து, கோடு போட்ட குவளையோடு போய்ச் சேர்ந்திருக்கிறான். இவ்வளவு முழுமையான முட்டாளை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை. வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். தீபலட்சுமி மேடம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தண்ணியில்லாமலும் செத்திருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம் மேடம். நாலாங்கூண்டுல சாவலயே."

"ஆறுல ரெண்டு வெச்சி ஒன்னும் சொல்ல முடியாது செம்மல். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒன்னு இருக்கு."

"நான் மாத்தலன்னா நீங்க செத்ததுங்களோட கிட்னிய பாத்திருப்பீங்களா மேடம்?"

பேப்பர்வெயிட் ஒரு சுற்று சுற்றி நின்றது. "நான் யோசிக்கிறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க" என்றார். கெட்டவர் இல்லை. அவன் மகள் கல்லூரியில் சேர அவர்தான் கடிதம் கொடுத்தார். அடுத்த வாரம் அவனை எலி வீட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது அவன் காலி பாட்டில்களை எண்ணுகிறான். காலி பாட்டில்கள் கடிப்பதில்லை.

சுவேதாவிடமும் சுற்றிவளைத்துக் கேட்டான். "மேடம், ஒரு பேச்சுக்கு, எலி ஆராய்ச்சியில ரெண்டு எலி செத்துருந்து, அத எழுதியிருந்தாங்கன்னா, இவன் இப்ப நல்லா இருப்பானா?"

அவள் களைத்திருந்தாள். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. அவருக்கு ஏற்கெனவே சுகர். வலி மாத்திரை வேற போட்டிருக்காரு. கடல்ல வெயில்ல தண்ணி கொறைவு. நெறைய காரணம் சேர்ந்து வரும்." அவன் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். எல்லோரும் அவனிடம் அன்பாக இருந்தார்கள். ஒருவராவது செருப்பைக் கழற்றியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை. வார்டில் பன்னிரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. காத்தவராயனின் கையிலிருந்து ஒரு குழாய் சிவப்பாகப் போய் இன்னொரு குழாய் சிவப்பாகத் திரும்பியது. அவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. தாகம் தாங்காதபோது வாயில் போட்டுக்கொள்ள, அஞ்சலாட்சி மார்க்கெட்டில் கேட்டு வாங்கி ஃபிளாஸ்கில் ஐஸ் துண்டுகள் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"மச்சான், உன்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றான் செம்மல்.

"சொல்லு. கிட்னி குடுக்கப் போறியா? உன்னுது வாணாம்டா. எலி நாத்தம் அடிக்கும்."

"ரெண்டு எலி செத்துப்போச்சுடா."

"எப்ப?"

"போன வருஷம். உங்க ஊரு தேருக்கு வந்தேன்ல, அப்ப."

எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் சாயம், பதிவேடு, மேடம் பேப்பர்வெயிட்டைச் சுற்றியது வரை. சொல்லும்போது எங்கேயும் வேடிக்கை சேர்க்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. காத்தவராயன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அதுங்களுக்கு விக்கல் வந்துச்சா?"

"எலி விக்குமான்னே எனக்குத் தெரியாதுடா. தீனி எடுக்கல. மூலையில போயி குந்திகினு இருந்துச்சிங்க."

"நாலு நாளா?"

"நாலு நாளு."

"நானும் மூலையிலதான் குந்திகினு இருந்தேன். நீ வந்து பாத்த. வஞ்சிரம் நெனைக்குதுன்ன."

செம்மல் ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்தான், மூடினான். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் யாரிடமோ போனில் பருப்பு வேகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், வெளையாடாம சொல்லு. என் மேல கோவமா?"

"ஆமா."

செம்மல் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தான். காத்தவராயன் எப்போதும் அடுத்ததாக ஒன்று சொல்லுவான், அதில் சிரிப்பு இருக்கும். வரவில்லை.

"இப்ப சொன்னனே, அதனாலயா?"

"இல்ல. மொத நாள்லேர்ந்து. கண்ணு முழிச்சி உன்ன பாத்தேன் பாரு, அப்பலேர்ந்து."

"அப்ப ஏன்டா இத்தினி நாளு சிரிச்சிகினே வந்த?"

காத்தவராயன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பார்த்த அதே கண்தான். அதில் வேறொரு ஆள் இருந்தான்.

"வாரத்துல மூணு நாளு வண்டி வேணும்ல? அஞ்சல மார்க்கெட்ட வுட்டுட்டு வந்தா சோத்துக்கு இன்னா பண்றது? பஸ்ல ஏறி எறங்க என்னால ஆவல. நான் மூஞ்சத் தூக்கி வெச்சிகினா நீ நின்னுடுவ. பயந்தவன் நீ. சிரிச்சா வருவ. உனக்கு எதுத்தாப்புல ஒருத்தன் சிரிச்சிகினு இருந்தா போதும், அது எனக்கு ஒன்னாங்கிளாஸ்லேர்ந்து தெரியும்." மூச்சு வாங்கினான். "கஷ்டமாத்தான் இருந்திச்சி. எத்தினி ஜோக்குடா அடிக்கிறது."

திரும்பவும் கூரையைப் பார்த்தான். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. செம்மல் ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து அவன் வாயருகே நீட்டினான். காத்தவராயன் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மிஷினில் இன்னும் இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் என்று காட்டியது. செம்மல் கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு நடுவே ஐஸ் கரைந்து, தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையிலிருந்து ஒவ்வொரு சொட்டாகப் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது.